மூன்றாம் ஓலை

மூன்றரை மணிக்கே கோயிலுக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இஞ்ஞாசியம்மாள் நினைத்திருந்தாள், ஆனால் முழங்கால் வலி ஒரு பக்கம், உறவில்லாவிட்டாலும் சித்தி என்று கூப்பிடுகிற அடுத்த வீட்டுச் செலின் பள்ளிக்கூட ஆபீசிலிருந்து வந்து சேலை மாற்றிக்கொண்டு கிளம்பப் பிடித்த நேரம் ஒரு பக்கம், வந்து பார்த்தால் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிற வரிசை அந்தோணியார் பீடத்தைத் தாண்டிவிட்டிருந்தது. நாளைக்குக் குருத்து ஞாயிறு. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் முழுவதும் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் இன்றைக்கு வந்து நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், அவளும் அவர்களில் ஒருத்திதான், ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப்பாதைக்கு வந்தாள், வெள்ளிதோறும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள், இந்தத் தொட்டிப் பக்கம் மட்டும் வரவில்லை. கோயிலில் இரண்டு தொட்டிகள் இருந்தன, சாமியார் உள்ளே உட்கார்ந்திருக்க, வெளியே பக்கவாட்டில் மண்டியிட்டுச் சல்லடை வழியாகப் பாவத்தைச் சொல்கிற மரக்கூண்டுகள். இடது பக்கத்தில் பங்குச் சாமியார் உட்கார்ந்திருந்தார், ஐந்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறவர், திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினாலே இன்னார் என்று தெரிந்துகொள்வார், அவர் முன்னால் பத்துப் பேர்கூட இல்லை. வலது பக்கத்தில் இருந்தவர் வெளியூர்ச் சாமியார், இளவயதுக்காரர், ஒரிசாப் பக்கம், தமிழ் படித்து ரெண்டு வருஷந்தான் ஆகிறதாம். சொல்வதெல்லாம் அவருக்குப் பாதிதான் விளங்கும், ம் ம் என்று கேட்டுவிட்டு பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று தெருவில் பேச்சாகியிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை அவர் வரிசையில்தான் நின்றார்கள். "இந்தப் பக்கம் சீக்கிரமா முடிஞ்சிரும் சித்தி, நம்ம சாமியார்ட்டயே போயிருவமா?" என்று செலின் கேட்டாள். "வேண்டாம் பிள்ள, இங்கயே நிப்போம்" என்றாள் இஞ்ஞாசியம்மாள். செலின் மறு பேச்சு பேசாமல் ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து அவளை உட்காரவைத்துவிட்டு, வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

பின்னால் நிற்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக எப்போதும் பக்கத்திலோ பின்னாலோதான் நிற்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறாள், காலையில் அவள் வீட்டுப் பம்பு ஓடுகிற சத்தத்தில்தான் இஞ்ஞாசியம்மாளுக்கு முழிப்பே வருகிறது. ஆத்தும சோதனை செய்ய வேண்டும், கண்ணை மூடினாள். போன ஞாயிறு பிரசங்கத்தில் பங்குச் சாமியார் சொன்னார், ஆண்டவர் வருகிறார், இருதயத்தைத் தயார் பண்ணுங்கள், ஆள் வந்து உட்காருகிற முன்னறையை மட்டும் கூட்டிவிட்டு உள்ளறையைப் பூட்டி வைக்காதீர்கள் என்று. எல்லாத் தபசுக்கும் சொல்கிற பேச்சுதான், ஆனால் இந்தத் தடவை அது நெஞ்சில் போய் மாட்டிக்கொண்டது, நெஞ்சு என்றால் நிஜமாகவே நெஞ்சு, ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை நாகர்கோவிலில் அதைத் திறக்கப்போகிறார்கள், வால்வு ஒன்று பழுதாகிவிட்டது, டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். பயப்படாதீங்கம்மா, மயக்க மருந்து குடுத்துருவோம், ஒண்ணும் தெரியாது என்றார். ஒன்றும் தெரியாமல் அப்படியே போய்விட்டால். அங்கே போய் நின்றால் முதலில் எதைக் கேட்பார்கள். சாம்பாரில் உப்புக் கூடிப்போனதற்காக ஊருக்கு வந்திருந்த மகளைத் திட்டியதையா, செபமாலை சொல்லும்போது தூங்கியதையா. காலையிலிருந்து இப்படிச் சின்னப் பாவங்களாகத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தாள், புறணி பேசியது, கோபப்பட்டது, வேலைக்காரியைச் சந்தேகப்பட்டது, கோர்த்து வைத்தால் நீளமாகத்தான் இருந்தது, வருஷா வருஷம் இதையே சொல்லி மன்னிப்பு வாங்கி வந்திருக்கிறாள். ஆனால் சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை. ஒரு சாவான பாவத்தை வேண்டுமென்று மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் எதுவும் மன்னிக்கப்படாது, அந்தச் சங்கீர்த்தனமே இன்னொரு பாவம், அதன்பிறகு பூசையில் வாங்குகிற நன்மை, அந்த நற்கருணை அப்பம், ஒவ்வொன்றும் தேவதுரோகம். அப்படியானால் இருபத்திரண்டு வருஷம் ஞாயிறுதோறும் நாக்கை நீட்டி வாங்கியது என்ன. வீட்டுக்காரர் செத்தபோது அவர் தலைமாட்டில் நின்று வாங்கியது, மகள் அமலி கல்யாணப் பூசையில் வாங்கியது, பேரப் பிள்ளைக்குப் புதுநன்மை கொடுத்த அன்று அதன் பக்கத்தில் மண்டியிட்டு வாங்கியது. எதுவும் சேர்த்தியில்லையா. கண்ணைத் திறந்தாள். வரிசை ஓரடி நகர்ந்தது. செலின் நாற்காலியை முன்னுக்குத் தள்ள உதவினாள்.

ஒரு கடுதாசி. யோசித்துப் பார்த்தால் அவ்வளவுதான், நீல இன்லேண்டு ஒன்று, பதினாலு வரி. மாப்பிள்ளைப் பையன் வாத்தியார், வடக்கன்குளத்துக்காரன், முதலில் அவள் மகள் அமலியைத்தான் பார்க்க வந்தான், காப்பி குடித்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. ஆறு மாதம் கழித்து அதே கார் அதே தெருவில் வந்து அடுத்த வீட்டு வாசலில் நின்றது. செலினைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. மிக்கேல் அண்ணன், செலினுடைய அப்பா, வெற்றிலைத் தட்டோடு வந்து கூப்பிட்டார், "உனக்கு மனசுல ஒண்ணும் இல்லயே தங்கச்சி, கர்த்தர் யாருக்கு யாருன்னு எழுதியிருக்காரோ" என்று அவர் கேட்க, "என்ன அண்ணே இப்பிடிக் கேக்கிய, செலின் வேற அமலி வேறயா" என்று சொன்னாள், சொல்லும்போது மெய்யாகவே அப்படித்தான் நினைத்தாள், அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கோபம் பிறகுதான் வந்தது, கோயிலில் வந்தது. கல்யாண ஓலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குக் குருவிடம் சொல்லுங்கள் என்று. முதல் ஓலை வாசித்தபோது பெண்கள் பக்கத்தில் எல்லாரும் திரும்பி முதலில் அமலியைப் பார்த்தார்கள், பிறகுதான் செலினைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை. அதோடு வீட்டுக்குப் போய் ஒரு வாரம் அதையே மென்றுகொண்டிருந்தாள், இரண்டாம் ஓலை வாசித்த அன்று மத்தியானம், வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருக்க, அடுப்படியில் உட்கார்ந்து இடது கையால் எழுதினாள். பெண்ணுக்கு வலிப்பு உண்டு, மறைக்கிறார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஓலை வாசிக்கவே இல்லை. அடுத்த ஞாயிறு சாமியார் அறிவிப்புகளை வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்தபோது ஒரு குழந்தை சிணுங்கியது, எங்கேயோ சாவிக்கொத்து விழுந்தது. சாவி. பன்னிரண்டு வயதில் செலின் நற்கருணைப் பவனியில் வெயிலில் சுருண்டு விழுந்தாள், கை காலெல்லாம் இழுத்தது, ஓடிப்போய் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு தன் இடுப்புச் சாவியை உருவி அந்தச் சின்னக் கையில் திணித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டவள் இஞ்ஞாசியம்மாள்தான், வெறும் வயிற்றில் வந்ததால் மயக்கம் என்று டாக்டர் சொன்னார், அதன்பிறகு ஒரு நாளும் வரவில்லை. அப்படியானால் எழுதியது பொய்யா. முழுப் பொய்யா. இழுத்ததை அவள் கண்ணால் பார்த்தாள், கையால் பிடித்தாள். முழுப் பொய்யில்லை என்றால் சாவான பாவம் இல்லை, சாவான பாவம் இல்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதில்லை என்றால் ஏன் இடது கையால் எழுத வேண்டும். இங்கே வந்து முட்டும், ஒவ்வொரு தடவையும் சரியாக இதே இடத்தில் வந்து முட்டும்.

அதில் யாருக்கு என்ன லாபம். அமலி மறு வருஷமே கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள், நல்ல இடம், ஒரு தடவை பேச்சுவாக்கில், "அந்த வடக்கன்குளத்து ஆளா, எனக்கு அவரப் பிடிக்கவே இல்லம்மா, நீ கேட்டிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்று சிரித்தாள், அன்று இரவு முழுக்க அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. மிக்கேல் அண்ணன் டாக்டர் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு மூன்று தடவை வடக்கன்குளம் போனார், மூன்றாம் தடவை அவர்கள் கதவே திறக்கவில்லையாம், வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர் அடுத்த தபசு காலம் வரைக்கும்தான் இருந்தார். நெஞ்சுவலி. அவரைத் தான் கொன்றதாக ஆகுமா. அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்தது. அவள் போய் ஒப்பாரி வைத்தாள், செலினைக் கட்டிப் பிடித்து அழுதாள், அந்த அழுகையும் பொய்யில்லை, அதுதான் விளங்கமாட்டேன் என்கிறது, எதுவுமே பொய்யில்லை. பிறகு செலினுக்கு எத்தனையோ இடம் வந்தது, விசாரிக்கிறவர்கள் யாரோ ஒருவர் அந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள், கடைசியில் அவளே போதும் என்றுவிட்டாள். அம்மாவையும் கடைசிவரை பார்த்து அடக்கம் பண்ணிவிட்டுத் தனியாக இருக்கிறாள். கண் ஆபரேஷன் முடிந்து நாற்பது நாள் இஞ்ஞாசியம்மாளுக்குச் சொட்டு மருந்து விட்டது செலின்தான். தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ண மூடாதிய சித்தி, என்னப் பாருங்க, என்னப் பாருங்க என்பாள்.

"சித்தி, தூங்கிட்டியளா?" என்று செலின் குனிந்து கேட்டாள். "இல்ல பிள்ள, யோசிச்சிட்டிருக்கேன். பாவத்தயெல்லாம் ஞாபகப்படுத்தணும்லா." செலின் லேசாகச் சிரித்தாள். "உங்களுக்கென்ன சித்தி பாவம். எனக்கு அந்தக் கஷ்டமே இல்ல. வருஷா வருஷம் ஒரே பாவந்தான், அதையேதான் சொல்லுதேன்." சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் ஆகியிருக்கும், இஞ்ஞாசியம்மாளும் கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் நாக்கு கேட்டுவிட்டது, "என்ன பாவம்?" செலின் முன்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கடுதாசி எழுதுனவங்கள என்னால மன்னிக்க முடியல சித்தி. மன்னிச்சிட்டேன்னு வாயால சொல்லுதேன், உள்ள ஆகமாட்டேங்கு. கல்யாணம் நின்னதுகூடப் போகட்டும், அப்பா அந்தச் சர்டிபிகேட்ட மடிச்சு மடிச்சு வச்சுக்கிட்டு அலைஞ்சது கண்ணுக்குள்ளயே நிக்கி." இஞ்ஞாசியம்மாள் முன்னால் நிற்கிற பெண்ணின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரவிக்கையில் ஒரு ஊக்கு விட்டுப்போயிருந்தது. "யாருன்னு தெரிஞ்சா?" என்று கேட்டது தன் குரல்தான் என்று சற்றுப் பிறகுதான் தெரிந்தது. "தெரிஞ்சா மன்னிச்சிருவேன்னுதான் நினைக்கேன் சித்தி. முகம் தெரிஞ்சா ரெண்டு வார்த்த ஏசிட்டு, அழுதுட்டு, விட்டிருவேன். இப்ப முகமே இல்லாம இருக்கதுனால எல்லா முகத்தையும் பாக்க வேண்டியிருக்கு. கோயிலுக்கு வந்தா ஒவ்வொருத்தரையும் பாப்பேன், இவளா இருக்குமோ, அவளா இருக்குமோன்னு. பூசையே காண முடியாது. இருபத்திரண்டு வருஷமா ஒரு பூசை ஒழுங்காக் காணல சித்தி நான்." சொல்லிவிட்டு, வயதானவளிடம் இதையெல்லாம் கொட்டிவிட்டோமே என்கிற மாதிரி அவள் தோளைத் தொட்டு, "நீங்க மனசப் போட்டு அலட்டாதிய, டாக்டர் சொன்னாருல்லா" என்றாள்.

தோளில் கை இருந்தது. சூடாக இருந்தது. தெரிந்து சொல்கிறாளோ. இது ஒரு புதுப் பயமில்லை, இருபது வருஷமாக வந்து வந்து போகிற பயம், ஒவ்வொரு தட்டு மீன் குழம்பு சுவரைத் தாண்டி வரும்போதும், தெரிந்துதான் கொடுக்கிறாளோ, தெரிந்துதான் கண்ணுக்கு மருந்து விடுகிறாளோ, என்னைப் பாருங்கள் என்றாளே. இல்லை, இவளுக்குத் தெரியாது, இவளுக்கு மறைக்கத் தெரியாது, முகத்தில் ஓடிவிடும். தெரியவில்லை என்பதுதான் இன்னும் மோசம். தெரிந்தால் மன்னித்துவிடுவாளாம். இப்போது திரும்பினால் போதும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பி, ஏட்டி, நாந்தான் என்றால் முடிந்தது, நாலு எழுத்து, அந்த ஒரிசாச் சாமியாரிடம் போக வேண்டிய தேவைகூட இல்லை. ரெண்டு வார்த்தை ஏசுவாள், அழுவாள், விட்டுவிடுவாள். விட்டுவிட்டு? மறுநாள் காலையில் பம்பு ஓடும், அவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பாள், அவளுக்குத் தெரியும், பால்காரர் வருவார், அவருக்குத் தெரியாமலா இருக்கும், அமலிக்கு யாராவது போன் பண்ணிச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவார்கள், அமலி வர இரண்டு நாள் ஆகும். இதையா யோசிக்கிறேன், இந்த நேரத்தில் இதையா. கைவிரலில் செபமாலை மணி ஒன்று அழுந்தி வெள்ளையாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஆண்டவரே, எனக்குத் துக்கத்தைக் கொடும் என்று கேட்டாள், பாவத்துக்காக மெய்யான துக்கம் வேண்டும், அது இருந்தால்தான் மன்னிப்பு, ஆனால் உள்ளே தேடினால் பயம்தான் கிடைத்தது, பயத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே, இத்தனை வருஷத்துக்குப் பிறகும், கோயிலில் எல்லாரும் திரும்பி அமலியைப் பார்த்த அந்தப் பார்வையின் எரிச்சல் ஈரம் காயாமல் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கே மன்னிப்புக் கேட்பது. எழுந்து போய்விடலாம், தலை சுற்றுகிறது என்று சொன்னால் செலின் ஆட்டோ பிடித்துவிடுவாள். முன்னால் நின்ற பெண் தொட்டிக்குப் போனாள். இடது பக்கம் பங்குச் சாமியாரின் வரிசை கரைந்துவிட்டதால் செலினுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். இனி இந்த வரிசையில் அவள், அவளுக்குப் பின் செலின், அவ்வளவுதான். அந்தப் பெண் எழுந்து வந்தாள். செலின் இஞ்ஞாசியம்மாளைக் கைகொடுத்து எழுப்பி, தொட்டியின் பக்கவாட்டில் மண்டியிட உதவிவிட்டு, காது கேட்காத தூரத்துக்குத் தள்ளிப் போய் நின்றாள்.

மரச் சல்லடைக்கு அந்தப் பக்கம் வெள்ளை அங்கியின் ஒரு துண்டும், காதும் தெரிந்தன. சிலுவை போட்டாள், வருஷம் ஒன்றாயிற்று என்று தொடங்கினாள், சின்னப் பாவங்களை மளமளவென்று சொன்னாள், அவர் ம் ம் என்றார், தெருவில் பேசிக்கொண்டது சரிதான். அந்த ம் தந்த தைரியத்தில், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஒரு மொட்டக் கடுதாசி எழுதிட்டேன் சாமி" என்று வேகமாகச் சொல்லி, உடனே, "இன்னும் நினைவுல இல்லாத பாவத்துக்கும் சேத்து..." என்று அடுத்ததுக்குத் தாவினாள். ம் வரவில்லை. "மன்னிக்கவும் அம்மா, எனக்குப் புரியவில்லை. மொட்டை என்றால்?" என்றார். இளங்குரல், சொற்களைப் புத்தகத்திலிருந்து எடுத்து வைக்கிற மாதிரி மெதுவாகப் பேசினார். புரியாது என்றுதானே இந்த வரிசையில் நின்றாள், புரியாததனாலேயே அவர் கேட்கிறார். "பேரு போடாத கடுதாசி சாமி." "யாருக்கு எழுதினீர்கள்?" "ஒரு மாப்பிள்ள வீட்டுக்கு." "எதற்காக?" பங்குச் சாமியார் என்றால் பாதியிலேயே விளங்கிக்கொண்டு, சரி, சரி என்றிருப்பார், இவருக்கு ஒவ்வொன்றையும் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எளிய வார்த்தையில் பிட்டுப் பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுக்கு வலிப்பு என்று எழுதினேன். வலிப்பு என்றால் கை கால் இழுக்கிற நோய். அவளுக்கு அந்த நோய் இல்லை. இல்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணம் நின்றுவிட்டது. அவள் அப்பா அந்த வேதனையிலேயே செத்தார். இப்படிச் சுத்தமாக, ஒரு சாக்கும் ஒட்டாமல், தனக்குத்தானேகூட அவள் இதைச் சொல்லிக்கொண்டதில்லை, சொல்லச் சொல்ல உடம்பு ஏதோ இறக்கி வைத்த மாதிரி லேசாகிக்கொண்டு வந்தது, கண்ணீர்கூட வந்தது, இதுதான் அந்தத் துக்கமோ, வந்துவிட்டதோ என்று ஒரு கணம் நெஞ்சு விரிந்தது. அவர் சல்லடைப் பக்கம் இன்னும் சாய்ந்தார். பிறகு, "நல்லது அம்மா, சொல்லிவிட்டீர்கள். கடவுள் நல்லவர்" என்றார். "அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்? உங்களால் அவளிடம் போக முடியுமா?" தொட்டியின் ஓரத்தில், தலையைத் திருப்பாமலே, செலினின் நீலச் சேலையின் கரை தெரிந்தது. பத்தடி இருக்குமா. "செத்துப்போச்சு சாமி" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் சொன்னது. சொன்னதைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது, அந்த நேரத்தில் அவர், "ஓ" என்றார், அந்த ஓவில் இருந்த வருத்தம் நிஜமான வருத்தம், அதைக் கேட்டபிறகு எப்படி எடுப்பது. "அவள் குடும்பம்?" "அம்மாவும் போயாச்சு சாமி, யாருமில்ல." அதில் பாதி உண்மை. "அப்படியானால் இறந்தோருக்கான செபத்தை அந்தப் பெண்ணின் ஆன்மாவுக்காக மூன்று தடவை சொல்லுங்கள். அவள் கடவுளிடத்தில் உங்களுக்காகப் பேசுவாள்." கையைத் தூக்கி மன்னிப்பு வழங்கினார், ஒவ்வொரு சொல்லாக, பிழையில்லாமல், இதை மட்டும் நன்றாக மனப்பாடம் பண்ணியிருந்தார். பாவத்துக்காக வருந்துகிற உத்தம மனஸ்தாப மந்திரத்தை உதடு தானாகச் சொல்லி முடித்தது. எழுந்திருக்க முடியவில்லை. செலின் வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, முன்னால் பெஞ்சில் கொண்டு உட்காரவைத்து, "ஏன் சித்தி இப்படி வேர்த்திருக்கு, தண்ணி குடிக்கியளா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல. நீ போ, சாமி காத்திட்டிருக்காரு." செலின் போனாள்.

அவள் மண்டியிடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் இஞ்ஞாசியம்மாளுக்கு அது உறைத்தது. வருஷா வருஷம் ஒரே பாவந்தான் சித்தி. இப்போது அதைத்தான் சொல்லப்போகிறாள். ஒரு கடுதாசி வந்தது சாமி, என் கல்யாணம் நின்றது, எங்க அப்பா செத்துட்டாரு, எழுதுனவங்கள என்னால மன்னிக்க முடியல. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் செத்துப்போனவள் அதே இடத்தில் மண்டியிட்டு வாய் திறந்து பேசப்போகிறாள். அந்த இளஞ்சாமியாருக்குப் பாதி விளங்கினால் போதும், பாதிகூட வேண்டாம், கடுதாசி என்கிற வார்த்தையை இஞ்ஞாசியம்மாள்தான் இப்போது சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சங்கீர்த்தனத்தில் கேட்டதை அவரால் யாரிடமும் சொல்ல முடியாது, அது நிச்சயம், உயிரே போனாலும் சொல்லக் கூடாது. இதில் ஆறுதல் பட்ட தன்னைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பீடத்தில் தபசு கால வழக்கப்படி சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள், எது சூசையப்பர், எது மாதா என்று உருவத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். எங்கே பார்த்துச் செபிப்பது. மூன்று தடவை சொல்ல வேண்டும். ஆண்டவரே, உம்முடைய அடியாளாகிய, என்று தொடங்கி, பெயர் வருகிற இடத்தில் நின்றாள். மறுபடி தொடங்கினாள். உயிரோடு இருக்கிறவளுக்கு இதைச் சொன்னால் என்ன ஆகும், சொன்னால் இவள் இன்னொரு தடவை செத்துப்போவாள், சொல்லாவிட்டால் சங்கீர்த்தனம் முடியாது, ஆனால் அது எப்போதோ முடிந்துவிட்டது, செத்துப்போச்சு என்ற இடத்தில் முடிந்துவிட்டது, இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லாமல் இருந்தது ஒரு பாவம் என்றால் இன்று சொல்லிவிட்டு அதன் முகத்திலேயே மண்ணள்ளிப் போட்டது எந்தக் கணக்கில் சேரும். அங்கே, தொட்டியில், பேச்சுச் சத்தம் நின்றிருந்தது. செலினின் செருப்பில்லாத பாதங்கள் இரண்டும் அசையாமல் தெரிந்தன. வெகு நேரம் ஆயிற்று. மாலைப் பூசைக்கு முதல் மணி அடித்தது.

செலின் வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். முகத்தைத் துடைத்திருந்தாள். "என்ன பிள்ள, இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் இஞ்ஞாசியம்மாள். "எப்பவும் சொல்லுததத்தான் சொன்னேன் சித்தி. சாமி ஒண்ணுமே பேசல. ரொம்ப நேரம் சும்மா இருந்தாரு, தூங்கிட்டாரோன்னு நினைச்சேன். பிறகு மூணு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கன்னாரு, குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. பாவம், காலையிலயிருந்து உக்காந்திருக்காரு." பிறகு, "உங்களுக்கு என்ன குடுத்தாரு?" என்றாள். "செத்தவங்களுக்குச் சொல்லுத செபம். மூணு தடவ." "யாருக்கு?" இஞ்ஞாசியம்மாள் வாயைத் திறந்தாள். பெயர் நாக்கு நுனியில் இருந்தது, இந்தப் பக்கம் ஒரு இஞ்ச் சாய்த்தால் அது சாபம், அந்தப் பக்கம் சாய்த்தால் உண்மை. "யாருக்குன்னு... குறிச்சுச் சொல்லல" என்றாள். "அப்ப எங்க அப்பாவுக்குச் சொல்லுவோம் சித்தி. பெரிய வெள்ளி கழிஞ்சா அவருக்கு இருபத்தியோரு வருஷம். நீங்கன்னா அப்பாவுக்கு அம்புட்டு உசுரு" என்று சொல்லி, செலின் கைகளைக் குவித்து, அவளுக்கும் கேட்கட்டும் என்று வாய்விட்டே தொடங்கினாள். அந்தப் பக்க வரிசையும் முடிந்து காலியாகியிருந்த கோயிலில் மிக்கேல் என்ற பெயர் தெளிவாகக் கேட்டது. முடிகிற இடத்தில் நிறுத்தி அவளைப் பார்த்தாள். இஞ்ஞாசியம்மாள் ஆமென் என்றாள். இரண்டாம் தடவையும் ஆமென் என்றாள். மூன்றாம் தடவை சொல்லும்போது தொட்டியின் திரை விலகி, அந்தச் சாமியார் வெளியே வந்தார், கறுத்து மெலிந்த ஆள், முப்பது வயதுகூட இருக்காது. பீடத்துக்குப் பின்னால் உடை மாற்றுகிற சக்கிரீஸ்து அறைப் பக்கம் நடந்தவர், செலினின் குரலைக் கேட்டு நின்றார். இரண்டு பேரும் தோளோடு தோள் உரச மண்டியிட்டிருந்ததைப் பார்த்தார். செலினைப் பார்த்தார், பிறகு இஞ்ஞாசியம்மாளைப் பார்த்தார், அவள் ஆமென் சொல்லும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். அந்த முகத்தில் கோபம் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள், இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய், தொட்டிக்குள் மறுபடி உட்கார்ந்தார். திரையைப் போடவில்லை. சங்கீர்த்தனம் கேட்கும்போது அணிகிற ஊதாத் தோள்துண்டை, கழற்றி வைத்திருந்ததை, மறுபடி எடுத்து முத்தமிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் யாரோ வரணும் போல, சாமி காத்திட்டிருக்காரு" என்றாள் செலின், திரும்பி வாசல் பக்கம் பார்த்தபடி. வாசலில் யாரும் இல்லை. பூசைக்கு வருகிறவர்கள் வெளியே மரத்தடியில் குருத்தோலை பின்னிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. இஞ்ஞாசியம்மாளின் முழங்கால் விட்டு விட்டு வலித்தது. தொட்டிக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஏழெட்டுத் தப்படி தூரம், கையைப் பிடித்துக் கூட்டிப்போ என்று கேட்டால் செலினே கூட்டிப் போய் விடுவாள், ஏன் எதற்கு என்று கேட்கக்கூட மாட்டாள். அவர் காதைச் சல்லடைப் பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டாம் மணி அடித்தது.

"பூசைக்கு இருப்பமா சித்தி, இல்ல போவமா?" என்று செலின் கேட்டாள்.

"போவம்" என்றாள் இஞ்ஞாசியம்மாள், எழுந்திருக்க அவளிடம் கையை நீட்டிக்கொண்டே.